ஆள் வைப்பதா, க்ரெச்சா, அக்கா வீடா?

தனியார் வேலையில் இருக்கும் தாய்க்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் பிரசவ விடுப்பு உண்டு. அதில் கொஞ்சத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், பிள்ளை குப்புற விழப் பழகும் பருவத்திலேயே ஆபீஸில் இருந்து போன் வந்துவிடும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-ல் இது 12 மாதமாக உயர்ந்தது; அவர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வி எல்லாருக்கும் ஒருநாள் வரத்தான் போகிறது.

பாட்டி பக்கத்தில் இருந்து, பாட்டியின் மூட்டும் ஒத்துழைத்தால் நீங்கள் இதை வாசிக்க வேண்டியதே இல்லை. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்கு நாகர்கோவிலில் வேலை, வீடு தக்கலைப் பக்கம். கணவர் காலையில் இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போகிறவர். ஆக, காலையில் பிள்ளையை விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் என் பொறுப்பு. வீட்டுக்கு ஆள் வைப்பது, டவுனில் ஒரு க்ரெச்சில் (பகல் நேரக் குழந்தைகள் காப்பகத்தில்) சேர்ப்பது, தெருவிலேயே தன் வீட்டில் நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்காவிடம் விடுவது என்று மூன்று வழிகளைப் பார்த்தோம். அக்கா வீட்டைத் தேர்ந்தெடுத்தோம், இன்றும் பிள்ளை அங்கேதான் போகிறாள். எனவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

அங்கன்வாடியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு அது நல்ல இடம், செலவும் கிடையாது. ஆனால் நாள் முழுக்கப் பிள்ளையை வைத்துக்கொள்ள ஏற்பட்டது அல்ல அது. ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்கும் அம்மாவுக்காக அங்கே யாரும் காத்திருக்க முடியாது.

வீட்டுக்கு ஆள் வைப்பதில் வசதி என்னவென்று விளக்கத் தேவையில்லை. பிள்ளை தன் தொட்டிலிலேயே தூங்கும், காலையில் அரக்கப் பரக்க எழுப்ப வேண்டாம். மூன்றில் செலவு அதிகமும் அதற்குத்தான். ஆள் கிடைப்பதும் லேசில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்களைப் பார்க்க ஹோம் நர்ஸாகப் போனால் கூடுதல் சம்பளம், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் உண்டு; கைக்குழந்தையோடு பகல் முழுக்க மல்லுக்கட்ட யார் வருவார்? எனக்கு இருந்த பெரிய தயக்கம் வேறு. பூட்டிய வீட்டுக்குள் பேசத் தெரியாத பிள்ளையும் அந்த ஒருவரும் மட்டும்தான். எட்டிப் பார்க்க இன்னொரு கண் இல்லை.

க்ரெச்சில் அந்தக் கண்கள் இருக்கின்றன. ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இருப்பார், கேமரா இருக்கும், நேரம் எழுதி ஒட்டியிருக்கும். தமிழ்நாட்டில் பிளே ஸ்கூல்களுக்கென்று 2015-ல் வந்த விதிமுறைகள் உண்டு. அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. உங்கள் நிறுவனத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால், 2017-லிருந்து சட்டப்படி க்ரெச் வசதி செய்து தருவது நிறுவனத்தின் கடமை. தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்பதும் அதில் உண்டு. அப்படிப்பட்ட க்ரெச்சுகளுக்கு மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று வயதுக்கு உட்பட்ட 10 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவராவது வேண்டும் என்கிறது. தனியார் க்ரெச் பார்க்கப் போகும்போதும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, உள்ளே போனதும் தலைகளை எண்ணுங்கள்.

அக்கா வீட்டில் சுவரில் மாட்ட எந்தச் சான்றிதழும் கிடையாது. இந்த வழிக்குப் பெரிய குறை இதுதான். என் சித்தி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே தன் வீட்டில் பிள்ளை பார்ப்பவர் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு ஆய்வு அமைப்பிடமோ, அதில் பதிவான ஓர் ஏஜென்சியிடமோ பதிவு பெற்றிருக்க வேண்டும். பொதுவாக எட்டு வயதுக்குக் கீழ் ஆறு பிள்ளைகள்வரை பார்க்கலாம். அதில் ஐந்து வயதுக்குக் கீழ் மூன்று, ஒரு வயதுக்குக் கீழ் ஒன்றே ஒன்று என்பது வரம்பு. அவளிடம் பக்கம் பக்கமாக ஒப்பந்தம் இருக்கிறது: கட்டணம், லீவு, காய்ச்சல், தாமதம் எல்லாம். நமக்கு அதையெல்லாம் எழுதித் தர ஆளில்லை என்பதால் நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினோம். இந்த மூன்றில் அக்கா வீட்டை நான் துணிந்து பரிந்துரைப்பதற்கு அந்த ஒரு பக்கம்தான் காரணம். அது இல்லாமல் என்றால் க்ரெச்சுக்கே போங்கள் என்று சொல்லியிருப்பேன்.

நல்ல நாளை வைத்து ஒப்பிட்டால் மூன்றும் நல்லவைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளில்தான் எது எப்படி என்று தெரியும். மற்ற பிள்ளைகளோடு சேரத் தொடங்கும் முதல் வருடம் சளியும் இருமலும் மாறி மாறி வரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழையும் இரண்டு முறை: ஜூனில் ஒரு வாட்டி, ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாட்டி. அந்த மாதங்களில் ஆஸ்பத்திரி வராந்தாவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் விசாரித்த க்ரெச்சில் விதி தெளிவாக இருந்தது. காய்ச்சல் என்றால் அனுப்பக் கூடாது, மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் வரலாம், வராத நாளுக்கும் பணம் உண்டு. மற்ற பிள்ளைகளை நினைத்தால் இது நியாயம். ஆனால் என் லீவு எத்தனை வாரத்தில் தீரும் என்று யோசித்தபோது வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்கு ஆள் வைத்தால் காய்ச்சல் பிள்ளையையும் அவர் பார்ப்பார். அவருக்கே காய்ச்சல் என்றால் அன்றைக்கு எல்லாம் முடங்கியது.

அக்காவிடம் இதைக் கேட்டபோது வந்த முதல் பதில், "அதெல்லாம் பாத்துக்கிடலாம் மக்களே." அன்பான பதில்தான். ஆனால் அதை நம்பி வேலைக்குப் போக முடியாது. ஆகவே உட்கார்ந்து பேசினோம். மூக்கு ஒழுகலுக்கும் லேசான சளிக்கும் தடை இல்லை. 100.4 டிகிரிக்கு மேல் போனால் அனுப்பக் கூடாது. பகலில் ஏறினால் அக்கா போன் செய்வார், நான் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் கழித்துத்தான். இது சித்தி மகளின் ஒப்பந்தத்தில் இருந்து எடுத்தது. கைகால் வாய்க் கொப்புளம், அதாவது நம் ஊரில் தக்காளிக் காய்ச்சல் என்கிறார்களே அது, அப்புறம் அம்மை, இரண்டுக்கும் கொப்புளம் காய்ந்த பிறகே வரவேண்டும். அக்கா வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை கட்டிவிடுவார்கள், அத்தனை நாளும் நாலு பிள்ளைகளுக்குமே லீவு. இதை அவரே சொன்னார், எனக்குத் தோன்றியிருக்காது.

மருந்து விஷயத்துக்கு மட்டும் தனியாக நாலு வரி எழுதினோம், நீங்களும் எழுதுங்கள். பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ளதும் விற்கிறது, 250 மி.கி. உள்ளதும் விற்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். டாக்டர்கள் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்ற கணக்கில்தான் எழுதுகிறார்கள். "அஞ்சு மில்லி குடுங்க" என்று போனில் சொல்லி, அக்கா கையில் இருப்பது சொட்டு மருந்து பாட்டில் என்றால், 10 கிலோ பிள்ளைக்கு 500 மி.கி. போய்விடும். இந்த பயத்தில், எங்கள் பாட்டில் மட்டும் பெயர் எழுதிய டப்பாவில் அங்கே இருக்கிறது. அளவு மூடியில் கோடு போட்டிருக்கிறேன். போனில் கேட்காமல் கொடுப்பதில்லை. கொடுத்த நேரத்தை நோட்டில் எழுதிவிடுவார். காலையில் நான் வீட்டில் கொடுத்திருந்தால் அதையும் நான் எழுத வேண்டும். காய்ச்சலை மருந்தால் அமுக்கிவிட்டுச் சத்தமில்லாமல் கொண்டு விடும் அம்மாக்கள் உண்டு என்று அக்கா ஜாடையாகச் சொன்னார். அந்த வரி அதற்காகத்தான்.

காய்ச்சலைப் பேசினால் பணத்தையும் பேச வேண்டிவரும். என் பிள்ளை வராத நாளுக்கும் அக்காவுக்குச் சம்பளம் உண்டு. அந்த இடத்தை அவர் வேறு யாருக்கும் கொடுக்க முடியாதே. அவர் வீட்டை மூடினால் மாதம் ஒரு நாள்வரை சம்பளத்தோடு லீவு, அதற்கு மேல் கிடையாது. அவசரத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கும் அவருடைய நாத்தனார் பார்ப்பார். அவரை நேரில் பார்த்துப் பேசி, பெயரையும் எழுதிக்கொண்டோம். வேறு யாரிடமும் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. கூட்டிப் போக வருபவர்களிலும் எழுதிய மூன்று பெயர்கள் தவிர யாருக்கும் அனுமதி இல்லை, எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர் வந்தாலும் சரி.

லீவு என்றால் நம் மாவட்டத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை, ஓணம் என்று உள்ளூர் விடுமுறைகள் வரிசையாக வரும். சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனிக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. க்ரெச் மூடியிருக்கும், எனக்கோ லாகின் செய்தே ஆகவேண்டும். அக்காவோடு வருடத் தொடக்கத்தில் காலண்டரை விரித்து அவருக்குக் கட்டாயம் வேண்டிய நாட்களை வட்டம் போட்டோம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அவர் ஊர்க் கோயில் திருவிழாவின் பத்தாம் நாள். மற்ற நாட்களில் வீடு திறந்திருக்கும். க்ரெச்சில் இப்படி உட்கார்ந்து பேரம் பேச முடியாது.

தாமதத்துக்கும் ஒரு வரி வேண்டும். வடசேரியில் ஏறிய பஸ் பார்வதிபுரம் தாண்டுவதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கும். ஆறரை வரை இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் இவ்வளவு என்று வைத்தோம். அக்கா வாங்க வெட்கப்பட்டார். கொடுப்பதுதான் எனக்கு நிம்மதி என்று சொல்லி மாத முடிவில் சேர்த்துக் கொடுக்கிறேன்.

வீட்டைச் சுற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஹாலை விட முக்கியம் கொல்லைப்புறம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், மேலே இரும்பு வலை இருக்கிறதா? குலசேகரம், அருமனைப் பக்கம் என்றால் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் கேன் எங்கே வைக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் அது பழைய தண்ணீர் பாட்டிலில், ஷீட் அடிக்கும் மெஷின் பக்கத்தில், தரையில் இருந்தது. அந்த வீட்டை அதோடு விட்டுவிட்டோம். அப்புறம், அந்த வீட்டில் பகலில் வேறு யார் யார் இருப்பார்கள், யார் வந்துபோவார்கள் என்ற கேள்வி. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், கேட்டுவிடுங்கள். நல்ல அக்காக்கள் இதற்குக் கோபப்படுவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மதியம் போய் நிற்க அனுமதி உண்டா என்பதும் எங்கள் நோட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முகம் சுளிக்கும் வீடு வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098 எல்லாருடைய போனிலும் இருக்கட்டும்.

அக்கா வீடு தோற்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். மதியம் டிவி ஓடும். எழுதி வைத்தும் சீரியலை முழுசாக நிறுத்த முடியவில்லை, பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு மாற்ற முடிந்தது, அவ்வளவுதான். மூன்று வயதுக்குப் பிறகு பாட்டு, படம், கூட்டமாக விளையாட்டு என்று பார்த்தால் நல்ல பிளே ஸ்கூல் ஒரு படி மேலே. ஐந்தாவதாக ஒரு பிள்ளையைச் சேர்க்க அக்காவுக்கு எப்போதும் கோரிக்கை வருகிறது; நாலு பேருக்கு மேல் வேண்டாம் என்று எழுதியதைச் சொல்லித்தான் அவர் மறுக்கிறார். அதற்காக எங்கள் நாலு வீட்டுக்காரர்களும் வருடா வருடம் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம், அதுவும் அதே பக்கத்தில் உண்டு.

இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ்களுக்கு இந்த ஏற்பாடு எப்படிப் பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், எங்களுக்குப் பகல் மட்டும்தான். தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைக்கும், ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தைக்கும், கைக்குத் தாங்குகிற செலவு என்றால் வீட்டுக்கு ஆள் வைப்பதே சரியாக இருக்கும் என்று படுகிறது. மற்றவர்களுக்கு, நாலு தெருவுக்குள் நம்பிக்கையான அக்கா ஒருவர் இருந்து அவர் நோட்டில் கையெழுத்துப் போடவும் சம்மதித்தால், நான் க்ரெச் வாசல் ஏற மாட்டேன். எழுதுகிற பக்கத்தின் கடைசி வரியாக, நிறுத்துவது யாராக இருந்தாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் புதுப் பிள்ளைகள் சேரும் நேரத்தில் அந்த வரி இரு பக்கத்துக்கும் தேவைப்படும்.