காப்பகத்திலிருந்து வந்த ஜெர்மன் ஷெப்பர்ட்

கோவைப் பக்கம் ஒரு காப்பகத்தில் நான்கு வயது ஜெர்மன் ஷெப்பர்டைத் தத்தெடுத்தோம். அடுக்குமாடி வீட்டில் சமாளிக்க முடியாமல் யாரோ விட்டுப்போனதாம். காப்பகத்தார் காசு வாங்கவில்லை. காங்கயத்தில் எங்கள் தோட்டத்துக்கே வந்து, கிளுவை வேலியில் சந்து இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள். அது எங்களுக்குப் பிடித்தது. தடுப்பூசி அட்டைக்குத்தான் மூன்று முறை அலையவிட்டார்கள். காதில் சீழ் இருந்ததையும் சொல்லவில்லை.

காவல் நாய் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். 1899-ல் ஜெர்மனியில் இந்த இனத்தை வகுத்ததே ஆடு மேய்க்கும் நாய்களிலிருந்துதான். கொறங்காட்டில் (எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம்) மேச்சேரிச் செம்மறி ஆடுகளைக் கண்டதும் சுற்றிச் சுற்றி ஓடி எல்லாவற்றையும் ஒரே மூலையில் ஒதுக்கிவிட்டது. “நமக்கு வேலை மிச்சம் கண்ணு” என்றார் அப்புச்சி (அம்மாவின் அப்பா). தினமும் ஓடவிட ஆளில்லாத வீட்டுக்கு இது வேண்டாம். சித்திரை வெயிலில் மட்டும் தண்ணீர்த் தொட்டியடியை விட்டு எழுவதேயில்லை.