ஆறு வருட கிரிட்டாவும் ஒரு கருத்து நோட்டும்

குன்னூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் போட்டோவில் காலரைச் சரி செய்வது, கல்யாண ஆல்பத்தில் மாமாவின் வழுக்கையில் விழுந்த ஃபிளாஷ் வெளிச்சத்தை மட்டுப்படுத்துவது, இதெல்லாம் பகல் வேலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரைவது வேறு ரகம். தேயிலைத் தோட்டத்துக்குமேல் மீன்கள் மேயும், வீட்டு ஓட்டுக்கூரையில் காட்டுமாடு படுத்திருக்கும், ஒரு கிழவியின் சுருக்குப்பைக்குள் பள்ளத்தாக்கே இருக்கும். சர்ரியல் என்கிறார்கள், தமிழில் மீயதார்த்தம். என் அம்மாவிடம் கேட்டால் "கனவு கண்டு உளர்றான்" என்பார்.

2019 கடைசியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு பேனா டேப்லெட், 8 ஜி.பி. ராம் உள்ள லேப்டாப், கிரிட்டா. இந்த மூன்றும்தான் இன்றுவரை. கிரிட்டா படம் வரையும் இலவச மென்பொருள், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. சுவீடன்காரர்கள் சாக்குக்கட்டிக்கு வைத்திருக்கும் பெயராம் அது. இலவசம் என்பதால் எடுத்தேன், பழகியதால் விடவில்லை. பகலில் ஸ்டுடியோவில் பயன்படுத்தும் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் போட்டோ திருத்துவதற்கு இன்னும் வசதி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வெள்ளைத் திரையில் கோடு இழுத்து ஆரம்பிக்கிறவனுக்குக் கிரிட்டாவின் பிரஷ்கள்தான் கைக்கு வருகின்றன. கோடு நடுங்காமல் இருக்க ஸ்டெபிலைசர் இருக்கிறது. ஜனவரி ராத்திரியில் விரல் விறைத்துப் போகும் ஊரில் இதன் அருமை தெரியும்.

நான் அதிகம் தட்டுவது கீபோர்டில் எம் (M) பட்டன். தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறும். ஒரு மணி நேரம் வரைந்து "அழகா வந்திருக்கே" என்று மயங்கியிருக்கும்போது தட்டிப் பாருங்கள். முகம் கோணியிருப்பது, மலை ஒரு பக்கம் சரிந்திருப்பது எல்லாம் பளிச்சென்று தெரியும். முதல் விமர்சகர் அந்தப் பட்டன்தான், கொஞ்சமும் இரக்கம் இல்லாதவர்.

ராம் விஷயத்தில் ஏமாற வேண்டாம். நான் 12-க்கு 18 அங்குலத்தில் பிரின்ட் போடுவேன். 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3600-க்கு 5400 பிக்சல். படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வரைவோம், அந்த அடுக்குதான் லேயர். முழுக்க நிறைந்த ஒரு லேயருக்கே சுமார் 78 எம்.பி. போகும். முப்பது லேயர் தாண்டினால் என் லேப்டாப் மூச்சு வாங்கும். ஆகவே முடிந்த லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, பழைய பிரதியைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் எங்காவது மரம் விழுந்து கரண்ட் போகிற ஊர் இது. தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடத்துக்குக் குறைத்து வைத்திருக்கிறேன். அப்படி வைப்பதற்கு முன்னால் ஒரு முழு ராத்திரி வேலை போனது. அதைப் பேசினால் இன்றைக்கும் வயிறு எரியும்.

அப்புறம் பச்சை. திரையில் தளதளவென்று மின்னும் கொழுந்துப் பச்சை பிரின்டில் வேகவைத்த கீரையாக வரும். இரண்டு வருடம் அச்சு மைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். திரை ஒளியில் காட்டும் சில பச்சைகளையும் நீலங்களையும் அச்சு மையால் எட்டவே முடியாது, அவ்வளவுதான். கிரிட்டாவில் கன்ட்ரோலும் ஒய்யும் சேர்த்துத் தட்டினால் அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஓரளவு காட்டிவிடும். இது தெரிந்தது மூன்றாம் வருடத்தில். உங்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன்.

கருவியைப் பற்றி இவ்வளவு போதும். இந்த ஆறு வருடத்தில் என் படத்தை மாற்றியது மென்பொருளில்லை, கவுன்டரில் நூல் கட்டித் தொங்கும் ஒரு எண்பது பக்க நோட்டு.

2021-இல் ஓனர் அண்ணன், "சுவர் சும்மாதானே இருக்கு, உன் படத்தை மாட்டு" என்றார். போட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் பார்க்கட்டும் என்று மூன்று படம் மாட்டினேன். பக்கத்தில் நோட்டு. முதல் இருபது பக்கத்தில் பாதிக்குமேல் "சூப்பர்". மீதியில் முக்கால்வாசி "புரியல". ஆரம்பத்தில் "சூப்பர்" இனித்தது, "புரியல" குத்தியது. இப்போது தலைகீழ். "சூப்பர்" என்று எழுதுகிறவர் படத்தைப் பார்த்தாரா, இல்லை என் முகத்தைப் பார்த்து எழுதினாரா என்று தெரியாது. "புரியல" என்று எழுதியவர் கொஞ்ச நேரமாவது நின்றிருக்கிறார். நான் அவரைக் கேட்பேன்: "எந்த இடத்துல புரியாமப் போச்சுங்க?" அதற்கு வரும் பதிலில்தான் சரக்கு இருக்கும்.

ஒரு படத்தில் பெண்கள் வரிசையாக நின்று தேயிலைக்குப் பதிலாக மேகத்தைப் பறித்து முதுகுக் கூடையில் போடுகிறார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, தன் மகளுக்குப் போட்டோ எடுக்க வந்தவர், ரொம்ப நேரம் பார்த்தார்.

"கூடை யார் தம்பி இப்ப சுமக்கிறா? எங்க லைன்ல எல்லாருக்கும் பைதான். பாதி நேரம் கையால கிள்ளுறதுகூட இல்ல, கத்தரி வச்சு வெட்டுறோம்."

சரிதான், டீத்தூள் பாக்கெட்டைப் பார்த்து வரைந்திருக்கிறேன். அதோடு விடவில்லை.

"மேகம்னா ஈரமாச்சே. ஈரக் கொழுந்துக்கே எடையில கழிச்சுருவாங்க. இதுக்கு எவ்வளவு கழிப்பாங்க?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அன்று தூக்கம் இல்லை. அழகாக இருக்கிறதே என்று மேகத்தைப் பறிக்க வைத்தவன், பறித்ததை எடை போட வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. கூடையை அழித்துப் பையாக்கினேன். வரிசையின் கடைசியில் ஒரு தொங்கு தராசு வரைந்தேன். கொக்கியில் மேகம், கீழே தண்ணீர் சொட்டுகிறது, எடை எழுதுகிறவர் பேனாவோடு தலையைச் சொறிகிறார். ஜனங்கள் நின்று பார்க்கும் படம் இப்போது அதுதான். "புரியல" என்று ஒருவரும் எழுதவில்லை, மேகத்தைப் பறிக்க முடியாது என்று ஒருவரும் சண்டைக்கும் வரவில்லை.

அதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். நடக்காத விஷயத்தை நம்ப ஜனங்கள் தயார். நடக்கிற விஷயத்தைத் தப்பாகக் காட்டினால்தான் விட மாட்டார்கள். பெல்ஜியத்து ஓவியர் ரெனே மாக்ரித் சுவர்க் காகித ஆலையில் வேலை பார்த்தவர், விளம்பரப் படமும் வரைந்தவர். அவர் படங்களில் தொப்பியும் கோட்டும் ஆப்பிளும் கடை விளம்பரம்போல அத்தனை ஒழுங்காக இருக்கும். அதனால்தான் ஆப்பிள் முகத்துக்கு முன்னால் மிதக்கும்போது நமக்குத் திக்கென்கிறது. வழுக்கையில் வெளிச்சம் குறைக்கிற எனக்கு அவர்மேல் ஒரு சகபாடிப் பாசம் உண்டு.

எல்லா விமர்சனத்தையும் இப்படித் திருத்திச் சமாளித்துவிட முடியாது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்தையலில் வரும் சிவப்பு, கறுப்பு வடிவங்களை எடுத்து, டபிள்யூ பட்டன் தட்டினால் வரும் தொடர் வடிவ வசதியால் வானம் முழுக்க நிரப்பி, அப்புறம் காற்றில் துணி அலைவதுபோல வளைத்திருந்தேன். அந்தத் தையல் தெரிந்த ஒரு அம்மா வந்தார். "இது நூலை எண்ணி எண்ணிப் போடுறது. துணியில முன்னாடி வரைஞ்சுக்கிறது கிடையாது. நீ வளைச்சதுல எண்ணிக்கையே போயிருச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, இறந்தவர்களைப் போர்த்துவதும் அந்தத் தையல் போட்ட சால்வையால்தான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் படத்தை அன்று சாயங்காலமே கழற்றிவிட்டேன். திருத்தலாம் என்று தோன்றவில்லை, அது என் கைக்குரிய சரக்கில்லை.

நான் வரைந்த பனிமூட்டம் பற்றி ஒருவர் "இது பனி இல்ல, புகை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தார். பெயர்கூடப் போடவில்லை. அந்த நாலு வார்த்தைக்கு ஒரு மாதம் செலவானது. நான் வெள்ளையைக் குறைந்த அடர்த்தியில் மேலே தெளித்துக்கொண்டிருந்தேன். லாம்ஸ் ராக் காட்சிமுனைப் பக்கம் காலையில் போய் நின்று பார்த்தால், மூட்டத்தில் தூரத்து மரத்தின் கறுப்புதான் முதலில் வெளுக்கிறது. வெளிச்சமும் நிழலும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடுகின்றன. கிட்டே இருக்கும் செடி அப்படியே கறுப்பாக நிற்கிறது. இப்போது தூரத்துக்கு ஒரு லேயராக ஐந்து லேயர் பிரித்து, பின்னால் போகப்போகக் கறுப்பை வெளுக்க வைக்கிறேன். வெள்ளைத் தெளிப்பு கடைசியில், அதுவும் ஒரு சிட்டிகை.

2023-க்கு அப்புறம் நோட்டில் புதிதாக ஒரு கேள்வி வர ஆரம்பித்தது: "ஏ.ஐ.யில் போட்டதா?" முதலில் சுள்ளென்று இருந்தது. கிரிட்டாவில் ரெக்கார்டர் என்று ஒன்று உண்டு, வரைய வரையப் படத்தைச் சேமித்து வைத்துக் கடைசியில் வீடியோவாக்கித் தரும். முப்பது மணி நேர வேலை ஒரு நிமிடத்தில் ஓடும். அதைக் கவுன்டர் மானிட்டரில் ஓடவிட்டேன், சந்தேகம் தீர்ந்தது. கூடவே ஒரு வம்பும் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வீடியோவை மூன்று தரம் பார்த்துவிட்டு, "அண்ணா, நடுவுல ஒரு மரம் நடந்து போச்சே, அதை ஏன் அழிச்சீங்க? அதுதான் நல்லா இருந்துச்சு" என்றான். பழைய பிரதியைத் திறந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. கற்பூர மரம் ஒன்று வேரைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கிறது. அதை அழித்துவிட்டு நான் வரைந்தது யாரும் வரையக்கூடிய ஒரு நிலா.

கடைசியாக ரயில். ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், அவளுடைய நீளப் பின்னல்தான் தண்டவாளம், அதில் மலை ரயில் ஏறுகிறது. மலையடிவாரக் கல்லாறிலிருந்து குன்னூர்வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் பட்டை ஓடும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். பின்னலின் முறுக்கு எனக்கு அந்தப் பற்களாகத் தெரிந்தது. ரயில்வேயில் பெட்டியில் நின்று பிரேக் பிடிக்கும் பிரேக்ஸ்மேனாக இருந்து ரிட்டையர் ஆன ஒரு பெரியவர் பென்ஷன் விஷயமாகப் போட்டோ எடுக்க வந்தவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தலைமுடி சரி. எஞ்சினை ஏன் முன்னாடி போட்டிருக்கே? இந்த ஏத்தத்துல எஞ்சின் பின்னாடி நின்னு தள்ளும் தம்பி. ஏறினாலும் இறங்கினாலும் அது கீழ்ப்பக்கம்தான். கப்ளிங் விட்டா பெட்டியெல்லாம் கல்லாறுக்குப் போயிராதா?"

பிறந்ததிலிருந்து அந்த ரயிலைப் பார்க்கிறவன் நான், வெட்கமாகப் போய்விட்டது. எஞ்சின் லேயரைத் தூக்கிப் பின்னால் போட்டேன். புகை இப்போது பின்னலின் கீழ்நுனியிலிருந்து எழும்பி அவள் இடுப்பை மறைத்தது. மேலே, பிடரிக்குப் பக்கத்தில், எஞ்சின் இல்லாமல் பெட்டிகள் மட்டும் தாமாக ஏறுகின்றன. நான் நினைத்ததைவிட விசித்திரமாக ஆகிவிட்டது படம், அதுவும் உள்ளதை உள்ளபடி வரைந்ததால்.

போன மாதம் அவர் மறுபடி வந்தார், பேரனுக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க. படத்தின் முன்னால் நின்று விரலால் பெட்டிகளை எண்ணினார். நாலு.

"பெட்டிக்குப் பெட்டி முன்னாடி கொடியோட ஒரு ஆள் நிப்பான். அந்த நாலு பேரும் எங்கே?"

நேற்று ராத்திரி மூன்று பேரை வரைந்துவிட்டேன். நாலாவது ஆளுக்குக் கண்ணாடி போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.