இரண்டு வயதுப் பிள்ளையோடு தீபாவளிச் சாமான் வாங்க: ஈப்போவா, பினாங்கா, கோலாலம்பூரா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்குத் தீபாவளிச் சாமான் வாங்க இரண்டு திசையிலும் வழி உண்டு. தெற்கே ஈப்போ, காடி எடுத்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதே பாதையில் இன்னும் போனால் கோலாலம்பூர், அதற்கும் அப்பால் கிள்ளான். வடக்கே ரயிலேறினால் பினாங்கு. கல்யாணமான புதிதில் எங்கே விலை குறைவு என்று மட்டும்தான் பார்த்தோம். மகள் பிறந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. இரண்டு வயது தாண்டிவிட்டாள். நடக்கிறாள், ஓடுகிறாள், கையைப் பிடித்தால் உதறுகிறாள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கண் சொருகிவிடும். சேலை ஐந்து வெள்ளி (ரிங்கிட்) குறைவாகவே கிடைக்கட்டும். பிள்ளை அழுகிறாளே என்று முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தால் அது மலிவே இல்லை. பிடிக்காத சேலைக்கு முழு விலை கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் துணிமணிக்கும் பிள்ளையின் பாவாடை சட்டைக்கும் பினாங்கு. ஆயத்த ஆடை, செருப்பு, சில்லறைச் சாமானுக்கு ஈப்போ. கோலாலம்பூரில் விலை குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் பிள்ளைக்கு நான்கு வயதாவது ஆகட்டும். மூன்று ஊருக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் மாமியார் தோட்டத்து லயத்தில் பிள்ளை வளர்த்தவர். அந்தக் காலத்தில் சம்பளம் போட்ட மறுநாள் துணிக்காரர் சைக்கிளில் மூட்டையோடு வருவாராம். வாசலில் பாயைப் போட்டுத் துணியை விரிப்பார். பிள்ளை உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருக்கும், மாமியார் இரண்டு கெஜம் சீட்டித் துணியைத் தடவிப் பார்த்து நிதானமாகப் பேரம் பேசுவார், பணம் தவணையில் போகும். "துணி பிள்ளை இருந்த இடத்துக்கு வந்துச்சு. நீங்க பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் துணி இருக்குற இடத்துக்குப் போறீங்க" என்றார். அவர் சொன்னதிலிருந்துதான் இந்த ஊர்களை நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். எந்தக் கடையில் விலை குறைவு என்பதற்கு முன்னால், எந்தக் கடைத்தெருவில் நிதானமாக நின்று பார்க்க முடியும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் போகச் சொல்வார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து மின்சார ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, ஒட்டியிருக்கிற பேரங்காடி வழியாக வெளியே வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கே பெரிய சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். சுதந்திர காலத்தில் இந்நாட்டு இந்தியர்களின் தலைவராக இருந்த அவர் 1919இல் நம் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறையும். 2010இல் லிட்டில் இந்தியா என்று அறிவித்துத் தெருவை அலங்கரித்தார்கள். பூ, பலகாரம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அருமையான இடம். ஆனால் துணிக்குப் பேர் போனது மஸ்ஜித் இந்தியா பக்கம். கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. நகர ரயில் பிடித்து மஸ்ஜித் ஜாமேக்கில் இறங்கி நடக்க வேண்டும். அங்கே இல்லாத துணி இல்லை. நான் விசாரித்த பட்டுப்பாவாடை சட்டை அங்கே 38 வெள்ளி. அதே மாதிரி உருப்படிக்குப் பினாங்கில் 42 கொடுத்தேன், ஈப்போவில் 49 சொன்னார்கள். விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் கோலாலம்பூர்தான் ஜெயிக்கும்.

போன வருடம் அங்கே நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மாடித் துணிக்கடை ஒன்று. பெயர் வேண்டாம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது, சனிக்கிழமை, கூட்டம் தோளை இடித்தது. பேம்பர்ஸ் மாற்ற இடம் கேட்டேன். மேல் மாடி என்றார்கள், மேலே போனால் அறை பூட்டிக் கிடந்தது. படிக்கட்டின் திருப்பத்தில் என் துப்பட்டாவை விரித்து, ஆட்கள் தாண்டிப் போகப் போக மாற்றினேன். கீழே வந்து என் கணவர் காசு கட்ட, நான் பையைச் சரிசெய்யக் குனிந்த நேரத்தில் பிள்ளை கையை உருவிக்கொண்டு போய்விட்டாள். ஒரு நிமிடம் கூட இருக்காது. தொங்கவிட்டிருந்த சேலைகளுக்கு நடுவே நுழைந்து, ஒரு சேலைத் தலைப்பை முகத்தில் போர்த்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்குக் கால் இரண்டும் நடுங்கிவிட்டது. அதற்குப் பிறகு எதைப் பார்க்க மனம் வரும்? எனக்கென்று நினைத்து வைத்திருந்த சேலையை எடுக்காமலே திரும்பினோம். இதில் ஒரு கடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் தெருவே பெரியவர்களின் வேகத்துக்கு அமைந்த தெரு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கோலாலம்பூருக்கு ரயில் கட்டணம் பட்டர்வொர்த்துக்கு ஆவதைவிடக் கூடுதல். போகவர ஆறு மணி நேரம் ரயிலிலேயே கழியும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் கடைத்தெருவில் கிடைப்பது நான்கைந்து மணி நேரம், அதில் பாதியைப் பிள்ளையின் சாப்பாடும் தூக்கமும் எடுத்துக்கொள்ளும். பாவாடைக்கு 4 வெள்ளி மிச்சம் பிடித்து என்ன செய்வது? கல்யாணச் சேலை போல மொத்தமாகப் பத்துப் பதினைந்து எடுப்பவர்களுக்குத்தான் அந்தப் பயணம் கட்டுப்படியாகும். அப்போதும் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நகைக்கடை, துணிக்கடை, பூக்கடை எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக இருப்பது பெரிய வசதி, கமூட்டர் ரயில் நிலையமும் பக்கம். ஆனால் நமக்குக் கே.எல். சென்ட்ரல் போய் அங்கிருந்து இன்னொரு ரயில். உறவுக்காரர் வீட்டில் இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஈப்போவுக்கு வருகிறேன். 1917இல் கட்டி முடித்த அந்த வெள்ளை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாஹாட் சாலை, நம் ஆட்களின் கடைகள். முறுக்கு அச்சு, அகல்விளக்கு, கோலப்பொடி, சாம்பிராணி, மசாலைச் சாமான் எல்லாம் இங்கேயே வாங்கிவிடுங்கள். இதையெல்லாம் பினாங்கிலிருந்து சுமந்து வருவது வீண் பாரம். சேலையில் வகை குறைவு, விலையும் கொஞ்சம் ஏறத்தான் இருக்கும். ஆனால் மற்ற எந்த ஊருக்கும் இல்லாத ஒன்று ஈப்போவுக்கு இருக்கிறது: மாற்றிக்கொள்ளலாம். இந்த வயதுப் பிள்ளைக்கு வாங்குகிற செருப்பும் கவுனும் இன்று சரியாக இருக்கும், வீட்டில் போட்டுப் பார்த்தால் விரல் இடிக்கும். பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த வாரமே கொண்டுபோய் மாற்றலாம். அதற்காகக் கோலாலம்பூருக்கு இன்னொரு தடவை போக முடியுமா? கைப்பேசியில் பார்த்து வாங்கினாலும் இதே தொல்லைதான். அளவு தவறினால் திருப்பி அனுப்பி, புதியது வருவதற்குள் தீபாவளியே முடிந்துவிடும்.

ஈப்போ போனால் காலையில் இரண்டு மணி நேரம் கடை, பிறகு டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. அங்கே சறுக்குமரம், ஊஞ்சல், ஓட இடம், மரநிழல். 'பூங்காவுக்குப் போகலாம்' என்ற ஒரு வார்த்தைக்காகவே அவள் கடையில் கொஞ்ச நேரம் உட்காருவாள். வார நாளில் போக முடிந்தவர்கள் வார நாளிலேயே போங்கள். சனிக்கிழமை லாஹாட் சாலையில் காடி நிறுத்த இடம் தேடியே பிள்ளையின் பொறுமை தீர்ந்துவிடும்.

இனிப் பினாங்கு. அங்கே போகும் வழியே பிள்ளைக்குக் கொண்டாட்டம், எனக்கு அது பெரிய விஷயம். கோலகங்சார் தாண்டியதும் புக்கிட் பெராபிட் சுரங்கம் வரும், 3.3 கிலோமீட்டர். ஜன்னல் சட்டென்று கறுத்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், வெளிச்சம் வந்ததும் "இன்னொண்ணு" என்று கேட்டாள். தைப்பிங் கடந்து புக்கிட் மேரா ஏரி. தண்டவாளம் தண்ணீருக்கு மேலேயே போகும். பட்டர்வொர்த்தில் இறங்கி நடந்தால் ஃபெரி, ஆளுக்கு 2 வெள்ளி. 2023 ஆகஸ்டில் புதுப் படகுகள் விட்டிருக்கிறார்கள், உட்கார வசதியாக இருக்கிறது. கடல்காற்றும் தண்ணீரும் கப்பலும் பார்த்து முடித்தவள் கரையேறும்போது சிரித்த முகத்தோடு இருந்தாள். மூன்று மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து கோலாலம்பூரில் இறங்கிய பிள்ளைக்கும் இவளுக்கும் அவ்வளவு வித்தியாசம். படகுத்துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடக்கும் தூரம்தான். நடக்க முடியாதவர்களுக்கு நகருக்குள் இலவசமாகச் சுற்றும் கேட் பேருந்து இருக்கிறது.

ரயில் பதியும்போது மட்டும் கவனம். நம் ஊரில் எல்லா ரயிலும் நிற்பதில்லை. பாடாங் பெசார் போகிற ரயிலில் ஏறினால் புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி மாற வேண்டும். பிள்ளையும் பையுமாக அது வேண்டாம். பட்டர்வொர்த் வரை போகும் ரயிலாகப் பார்த்து, போகவர இரண்டையும் சேர்த்தே பதிந்துவிடுங்கள். பெட்டிக்குள் குளிர் அதிகம், ஒரு கனத்த துண்டு அவசியம்.

லிட்டில் இந்தியாவின் கடைத்தெருவான லெபோ பாசாருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைகள் அப்போதுதான் திறந்திருந்தன. சின்னப் பிள்ளை இருப்பதே லாபமாக முடிவது இந்த இடத்தில்தான். அவள் தெளிவாக இருக்கிற நேரமும் கடைக்காரர் போணிக்காகக் காத்திருக்கிற நேரமும் ஒன்று. முதல் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது. 48 வெள்ளி என்று எழுதியிருந்த பாவாடை சட்டையை நான் அதிகம் பேசாமலே 42க்குக் கொடுத்தார் பெரியவர் ஒருவர். "பிள்ளைக்கு முதல்ல எடுங்கம்மா, அப்புறம் உங்களுக்கு. பிள்ளை சிணுங்குனா நீங்க எதையும் பார்க்க மாட்டீங்க" என்று அவரே சொன்னார். துணி சுற்றி வந்த அட்டைக் குழல் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். அதை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு கடை முழுக்கப் பார்த்தாள், பிறகு அதன் வழியாக என்னைக் கூப்பிட்டாள். முக்கால் மணி நேரம் எனக்குக் கிடைத்தது. ஆறு சேலை பிரித்துப் பார்த்து ஒன்று எடுத்தேன், மாமியாருக்கு ஒன்று, என் கணவருக்கு ஒரு வேட்டி.

பாவாடையை இடுப்பில் வைத்துப் பார்த்தேன், நீளம் அதிகம். பெரியவர் கீழ் ஓரத்தை மடித்துக் காட்டினார். "ரெண்டு டக்குப் போட்டுத் தரச் சொல்றேன். அடுத்த வருசம் ஒண்ணப் பிரிச்சிக்குங்க, அதுக்கு அடுத்த வருசம் இன்னொண்ணு." பக்கத்திலேயே தையல்காரர், அரை மணி நேரத்தில் ஆயிற்று. 42 வெள்ளி மூன்று தீபாவளிக்கு ஆகும் என்றால், அதுதான் நான் இதுவரை வாங்கியதிலேயே மலிவான பாவாடை.

வளையலுக்கு நூலில் அளவெடுத்துக்கொண்டு போயிருந்தேன். மணிக்கட்டை அளக்கக் கூடாது. கட்டைவிரலை உள்ளே மடக்கி, விரல் முட்டி இருக்கும் அகலமான இடத்தைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட வேண்டும். கடையில் பிள்ளையின் கையை அழுத்தி ஏற்றிப் பார்க்கிற வேலையே இல்லை, நூலைக் கொடுத்தால் போதும்.

குறையும் உண்டு. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒலிபெருக்கி, பாட்டு ஒன்றை ஒன்று முட்டும். அங்கே தூங்க வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில், ஒரு கடைக்கு முன்னால் படி ஏறும், அடுத்த கடையில் இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். தள்ளுவண்டி கொண்டுபோய் அதையே தூக்கிச் சுமந்தவர்களைப் பார்த்தேன். நான் பழைய பருத்திச் சேலையைக் குறுக்கே தோளில் கட்டித் தூளியாக்கிக்கொண்டேன். குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில், நடை சாத்துவதற்கு முன்னால் உள்ளே போய்க் கும்பிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். குளிர்ந்த தரையில் அவள் காலை நீட்டிக்கொண்டது பார்க்கவே நிம்மதியாக இருந்தது. பிறகு ரசம் சோறு ஊட்டி, பன்னிரண்டரைக்கே படகுத்துறைக்குத் திரும்பிவிட்டோம். ஃபெரி கிளம்பிய அசைவிலேயே தூளிக்குள் தூங்கிவிட்டாள். பட்டர்வொர்த்தில் ரயிலுக்குக் காத்திருந்த நேரமும் தூக்கம்தான்.

திரும்பும் ரயிலில் அந்த அட்டைக் குழலை அவள் விடவே இல்லை. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, இருட்டாக இருக்கிறது என்று என்னிடம் கொடுத்தாள். சுங்கை சிப்புட்டில் ரயில் அதிக நேரம் நிற்காது. கோலகங்சார் தாண்டியதுமே ஒருவர் பைகளோடு கதவுப் பக்கம் போய்விடுங்கள், மற்றவர் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளட்டும்.