ஃபூபார்2000 ஏபிஎக்ஸ் கம்பேரேட்டர்: 8 மாதம் கேட்டபின்

320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) அளவுக்குச் சுருக்கிய எம்பி3-க்கும், ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்குக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெளிவாகக் கேட்கும் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். சிம்பல் ஒலி தேய்ந்து அடங்கும் இடத்தில் ஃபிளாக் இன்னும் விரிந்து ஒலிப்பதாக நண்பர்களிடம் விவரித்தும் இருக்கிறேன். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் ஃபூபார்2000 என்ற மியூசிக் பிளேயரில் ஏபிஎக்ஸ் கம்பேரேட்டர் என்ற ஒப்பீட்டுக் கருவியைச் சேர்த்தேன்.

இரண்டு கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். ஏ ஒன்று, பி ஒன்று. எக்ஸ் என்பது இந்த இரண்டில் ஏதோ ஒன்று. எது என்று மென்பொருளுக்கு மட்டுமே தெரியும். மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும். நான் எப்போதும் 16 சுற்று வைத்துக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வரும் என்பதால் 8-க்கு மதிப்பில்லை. வெறும் அதிர்ஷ்டத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 11 என்றால் அதுவே 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் எத்தனை சுற்று என்பதை முன்பே முடிவுசெய்ய வேண்டும். நன்றாக வரும்போது பார்த்து நிறுத்தினால் அது சோதனையே இல்லை. மதிப்பெண்ணைக் கடைசிவரை மறைத்து வைக்கும் வசதிக்காகவே இதைப் பாராட்டுவேன்.

320-இல் எனக்கு வந்தது 9. மறுநாள் 7. அந்த சிம்பல் இடத்தை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்பக் கேட்டேன், 8.

128 கேபிபிஎஸ் எம்பி3-க்கு இறங்கியதும் கதை மாறியது. மிருதங்கத் தனியில் ஒரு சாப்பு விழும் இடத்தை எடுத்துக்கொண்டேன். முதலில் அடியின் ஒலியையே கவனித்துத் தடுமாறினேன். பிறகு அடிக்குச் சற்று முன்னால் உள்ள அமைதியைக் கவனித்தேன். அங்கே 'சர்' என்று மெல்லிய தூசு போல ஏதோ கேட்டது. 15 சரி. எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலி அளவீட்டுப் புள்ளி) கொண்ட சட்டங்களாக, அதாவது சுமார் 26 மில்லிசெகண்டுத் துண்டுகளாக, எடுத்துச் சுருக்குகிறது. சுருக்கும்போது வரும் இரைச்சல் துண்டு முழுவதும் பரவுவதால் அடி விழுவதற்கு முன்பே கொஞ்சம் கசிந்துவிடுகிறது. ப்ரீ எக்கோ என்பது இதுதான். இதைப் பற்றி முன்பே படித்திருந்தேன், ஆனால் என் காதுக்கு அதைக் காட்டிக்கொடுத்தது இந்தச் சோதனைதான்.

ஒலி அளவு விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். அரை டெசிபல் கூடினாலே அது 'தெளிவாக' இருப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். ஹை-ரெஸ் கோப்பையும் (சிடியைவிட நுணுக்கமான 24 பிட் பதிவு) சிடியையும் ஒப்பிட்டபோது எனக்கு 16-க்கு 16 வந்தது. இரண்டும் வேறு வேறு மாஸ்டர் (வெளியீட்டுக்காகத் தயாரித்த இறுதிப் பதிவு), சத்தமும் வேறு. அதே 24 பிட் கோப்பை நானே சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸாக மாற்றி, சத்த அளவைச் சமமாக்க ரீப்ளேகெய்ன் ஸ்கேன் செய்து ஒப்பிட்டதும் 8-க்கு வந்துவிட்டது. 2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில் எஸ்ஏசிடி (சிடியைவிட உயர்தர வட்டு) ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கிக் கேட்கவைத்தபோது, 554 முயற்சிகளில் சரியானவை 49.8 சதவீதம்தான். என் 8 எனக்கு வியப்பாக இல்லை.

தோற்றால் வித்தியாசமே இல்லை என்று ஆகிவிடாது. அன்று, அந்தக் கருவியில், அந்த இசையில் எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். காது களைத்தால் விடைகள் சரியும். நான் நாலு சுற்றுக்கு ஒருமுறை ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிடுவேன். ஸ்பீக்கர்களையோ ஆம்ப்ளிஃபையர்களையோ ஒப்பிட இது உதவாது, கோப்புகளுக்கு மட்டும்தான். விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் தயங்காமல் போட்டுப் பார்க்கலாம்.

என் தொகுப்பு இப்போதும் ஃபிளாக்கில்தான் இருக்கிறது, நாளை எந்த வடிவத்துக்கும் இழப்பில்லாத மூலத்திலிருந்தே மாற்றலாம் என்பதால். போனுக்கு மட்டும் லேம் என்ற எம்பி3 மாற்றியின் வி2 தர அமைப்பில் மாற்றி வைத்திருக்கிறேன். அந்த மிருதங்கத் தனியை அதில் மூன்று முறை சோதித்தேன். ஒருமுறைகூட 11-ஐத் தாண்டவில்லை.