'சொந்த கிளவுட்' பெட்டி வாங்கப் போகிறீர்களா? பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஸ்டுடியோ, பிரஸ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். "மாச வாடகை கிடையாது, ஃபைல் எல்லாம் உங்க கடையிலேயே இருக்கும், வேற யாரும் பார்க்க முடியாது" என்று சொல்லி ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண ஸ்டுடியோ 38,000 ரூபாய் கொடுத்து இதில் ஏமாந்திருக்கிறது.

பெட்டிக்குள் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர், ஃபைல்களை இன்டர்நெட் வழியாகப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட், 4 டிபி டிஸ்க். நெக்ஸ்ட்கிளவுட் இலவசம், நல்ல மென்பொருள். கோளாறு அதில் இல்லை, மாட்டிய விதத்தில்.

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மொபைலில் வைஃபையை அணைத்து, கல்யாண வீட்டார் படம் இறக்கும் இணைய முகவரியை டேட்டாவில் திறந்தோம். பெட்டி அணைந்திருந்தால் எந்தப் பதிலும் வரக்கூடாது. ஆனால் பூட்டுக் குறியோடு '502 பேட் கேட்வே' வந்தது. நடுவில் வேறொரு மெஷின் உட்கார்ந்து பதில் சொல்கிறது, பூட்டைத் திறக்கும் எச்டிடிபிஎஸ் சான்றிதழும் அதனிடமே இருக்கிறது என்று அர்த்தம். அது பெட்டி மாட்டியவர் வாடகைக்கு எடுத்த சர்வர். கல்யாண வீட்டார் இறக்கிய ஒவ்வொரு படமும் அங்கே பூட்டு திறக்கப்பட்டு, திரும்பப் பூட்டப்பட்டுத்தான் போயிருக்கிறது. அவர் நினைத்தால் எதையும் பார்க்கலாம்.

இப்படிச் சுற்றி வளைக்கக் காரணம் சிஜிநாட். ரவுட்டரில் வான் ஐபி (இன்டர்நெட் கம்பெனி ரவுட்டருக்குத் தரும் எண்) 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன. வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் நேராகப் பெட்டிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நேர்மையான வழிகள் உண்டு. இன்டர்நெட் கம்பெனியிடம் ஸ்டாடிக் ஐபி (உங்களுக்கென்றே மாறாத பொது ஐபி) கேட்கலாம். அதே வாடகை சர்வரை வைத்தும் செய்யலாம்: 443 போர்ட்டுக்கு (எச்டிடிபிஎஸ் வரும் வாசல்) வருவதைத் திறக்காமல் வயர்கார்டு என்ற ரகசியப் பாதை வழியாக அப்படியே பெட்டிக்குத் தள்ளிவிட்டு, லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தரும் சான்றிதழைப் பெட்டியிலேயே வைத்தால் நடுவில் இருப்பவருக்கு ஃபைலுக்குள் இருப்பது ஒன்றும் தெரியாது. சான்றிதழ் இலவசம். கிளவுட்ஃப்ளேர் என்ற கம்பெனியின் டனல் போட்டுத் தருகிறேன் என்பவரிடமும் கவனம். அங்கேயும் பூட்டு கிளவுட்ஃப்ளேரில்தான் திறக்கிறது.

'புதுசு' என்று கொடுத்த டிஸ்க்கை டிஸ்க்கைச் சோதிக்கும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால், பவர் ஆன் ஹவர்ஸ் (ஓடிய மணி நேரம்) 31,000. மூன்றரை வருடம் நிற்காமல் ஓடிய டிஸ்க்! டேட்டாபேஸ் மெமரி கார்டில் கிடந்தது. ஓயாமல் எழுதினால் கார்டு சீக்கிரம் போய்விடும். பேக்கப் இல்லை. பெட்டி மேஜைக்கடியில் தரையில், அதுவும் மழைக்குத் தண்ணீர் ஏறும் தெருவில்.

பதினோராம் மாதம் "ரினியூவல் 12,000" என்று போன் வந்தது. மாட்டேன் என்றதும் அன்று சாயங்காலமே லிங்க் செத்தது. டொமைன் (அந்த இணைய முகவரியின் பெயர்) பெட்டி மாட்டியவர் பெயரில் இருந்ததால் ஸ்டுடியோக்காரரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் சண்டைக்கு முன் ஃபைலைக் காப்பாற்றுங்கள். முதலில் நெட் ஒயரைக் கழற்றுங்கள். பெட்டியை முறையாக ஷட்டவுன் செய்து டிஸ்க்கை வெளியே எடுங்கள். விண்டோஸில் சொருகினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும்; கண்டிப்பாக 'வேண்டாம்' கொடுங்கள். அது லினக்ஸின் இஎக்ஸ்டி4 டிஸ்க். உபுண்டு (ஒரு இலவச லினக்ஸ்) ஏற்றிய பென்டிரைவில் கம்ப்யூட்டரைப் பூட் செய்து வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். அதன்பின் பழைய மெமரி கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. இந்தப் பெட்டியில் இரண்டாவது அட்மின் கணக்கு ஒன்றும், பாஸ்வேர்ட் இல்லாமலே வெளியிலிருந்து உள்ளே நுழைய உதவும் அவருடைய எஸ்எஸ்எச் கீயும் இருந்தன.

இனி வாங்குபவர்கள் டொமைனை உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் எடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் தராதீர்கள். ஸ்டுடியோக்காரரிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கொட்டேஷன் மட்டும்தான். அதையும் பணம் அனுப்பிய ரசீதையும் வைத்து 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்திருக்கிறார்.