43,000 ரூபாயும் ஒரு பொய்ச் சான்றிதழும்: லாப்ரடார் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

நாய்க்குட்டிக்கு நான் கொடுத்தது 43,000 ரூபாய். அதில் 25,000 குட்டிக்கு, மீதி 18,000 ஒரு தாளுக்கு. அந்தத் தாள் பொய் என்று பத்து நாட்களுக்கு முன் தெரிந்தது. பணம் திரும்பி வராது என்று நேற்று இரவு தெரிந்தது. தூக்கம் இல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாய் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இதற்கு முன் இருந்த லாப்ரடாரின் பெயர் ராஜா. ஒன்பது வயதில் இடுப்பு மூட்டுக் கோளாறால் அவனுக்குப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. கடைசி இரண்டு வருடங்கள் என் பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்து, வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அவனை வாசலுக்கு அழைத்துப் போவோம். சிறுநீர் கழித்து முடிந்ததும் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வையை இன்னொரு முறை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் அடுத்த நாய் வாங்கினால் தாய்க்கும் தந்தைக்கும் இடுப்புப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தேன். கவனமாக இருந்ததால்தான் ஏமாந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

ஹிப் டிஸ்ப்ளேசியா என்பது பெரிய இன நாய்களுக்கு வரும் இடுப்பு மூட்டுக் கோளாறு. தொடை எலும்பின் தலை பந்து மாதிரி இருக்கும், அது இடுப்பெலும்பில் இருக்கும் குழிக்குள் உட்கார வேண்டும். குழி ஆழமில்லாமல் போனால் பந்து ஆட ஆரம்பிக்கும், ஆட ஆடத் தேயும். பரம்பரையாக வருவது என்பதால் இனப்பெருக்கத்துக்கு முன் தாய், தந்தை இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்துத் தரம் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ஓஎஃப்ஏ என்ற அமைப்பு எக்ஸ்ரேயைப் பார்த்து, மிக நன்று, நன்று, பரவாயில்லை என்று தொடங்கி மிக மோசம் வரை ஏழு தரம் வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அனுப்பினாலும் பார்த்துச் சொல்வார்கள். இதையெல்லாம் நான் முன்பே படித்து வைத்திருந்தேன். படித்தது எதற்கும் உதவவில்லை.

செல்லப்பிராணிகளை விற்கவும் வாங்கவும் இருக்கும் ஓர் இணையதளத்தில் விளம்பரம் பார்த்தேன். 'பெற்றோர் இருவருக்கும் இடுப்புச் சான்றிதழ் உண்டு' என்று போட்டிருந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்ற முத்திரை. ஃபோன் செய்தேன். எடுத்தவுடன் விலையைச் சொல்லவில்லை அந்த ஆள். "சார், எல்லாரும் நிறம் என்ன, தலை பெரிதா என்றுதான் கேட்பார்கள். இடுப்பைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். உங்களை மாதிரி ஒருவரிடம் குட்டி போனால் எனக்கே நிம்மதி" என்றார். அந்த இடத்திலேயே பாதி விழுந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் பாராட்டுக்கு இவ்வளவு பசி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சேலத்திலிருந்து கார் பிடித்து ஓசூர்ப் பக்கம் இருந்த அவருடைய பண்ணைக்குப் போனோம். டீ கொடுத்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து, கைக்குட்டையால் துடைத்துவிட்டு, இரண்டு சான்றிதழ்களை மேசையில் வைத்தார். தங்க நிற விளிம்பு, வட்ட முத்திரை, நீளமான ஓர் எண். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 'மிக நன்று'. "குட்டிக்கும் பார்த்தாகிவிட்டது சார்" என்று வேறு சொன்னார்.

நான் சேலத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். தரம் பார்க்காமல் ஒரு கிராம் வெள்ளி எங்கள் பட்டறைக்குள் வராது. இருபது வருடமாகப் பழகிய வியாபாரி கொண்டுவந்தாலும் சோதித்துத்தான் சீட்டு எழுதுவோம். அப்படிப்பட்ட நான், முன்பின் தெரியாத ஒருவர் கைக்குட்டையால் துடைத்தார் என்பதற்காக ஒரு தாளை நம்பினேன்.

தாய் நாய் கம்பிக் கதவுக்குப் பின்னால் படுத்திருந்தது. "எழுந்து நடக்கட்டுமே, பார்க்கிறேன்" என்றேன். "குட்டி போட்டவள் சார், புது ஆள் என்றால் மிரளுவாள், வேண்டாம்" என்றார். அதுவும் நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். நாங்கள் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் அது ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. இப்போது கண்ணை மூடினால் அந்தக் காட்சிதான் வருகிறது.

சாதாரணக் குட்டி 25,000, சான்றிதழோடு 43,000 என்றார். ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசவில்லை நான். 43,000 ரூபாயை அங்கேயே செல்போனில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் சார்" என்றார். இன்னும் வரவில்லை. குட்டிக்கு அன்று 42 நாள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி சொல்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கறுப்புப் பெட்டை. மிளகு என்று பெயர் வைத்தோம்.

நான்கரை மாதம் இருக்கும்போது மிளகு மாடிப்படியில் இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தாவி ஏறினாள். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். என் மனைவிக்கு மட்டும் முகம் மாறியது. "ஏங்க, ராஜா கூட இப்படித்தானே ஆரம்பித்தான், டாக்டரிடம் காட்டுவோமா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, அப்பா இரண்டுக்கும் இடுப்பு மிக நன்று. தாளே இருக்கிறது. சும்மா பயப்படாதே."

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். இளம் குட்டிகளுக்கு என்றே சிறிய அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறதாம். இடுப்பெலும்பின் அடிப்பக்கம் இருக்கும் வளர்ச்சிப் பகுதியை நிறுத்திவிட்டால், குழி தானாகத் திரும்பிப் பந்தை மூடிக்கொண்டு வளரும். ஆனால் அதை ஐந்து மாதத்துக்குள் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு பலன் இல்லை. மிளகு முயல் மாதிரி தாவிய அன்று எங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு தாளைக் காட்டி அந்த இரண்டு வாரத்தையும் நானே மூடிவிட்டேன்.

எட்டாவது மாதம் காலையில் எழும்போது முனகத் தொடங்கினாள். கால்நடை மருத்துவரிடம் போனோம். டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, வி வடிவத் தொட்டியில் மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக இழுத்து, முட்டிச் சில்லு மேலே பார்க்கும்படி உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்படி எடுத்தால்தான் கணக்காம், கால் சற்றுக் கோணினாலும் படம் பொய் சொல்லிவிடும் என்றார். பந்து குழிக்குள் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் கோணத்தைப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தார். நல்ல இடுப்பில் 105 டிகிரியாவது வர வேண்டுமாம். மிளகுக்கு இடது பக்கம் 88, வலது பக்கம் 91. கிண்ணத்துக்குள் இருக்க வேண்டிய எலுமிச்சம்பழத்தைத் தட்டின் விளிம்பில் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

"பெற்றோருக்குச் சான்றிதழ் இருக்கிறதே டாக்டர்" என்று செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் தரத்தைப் பார்க்கவில்லை. எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த எண்ணிலேயே எல்லாம் இருக்கிறது: முதலில் இனம், பிறகு வரிசை எண், பிறகு தரம், எக்ஸ்ரே எடுத்தபோது எத்தனை மாதம் வயது, அதை அடுத்து ஆணுக்கு எம், பெண்ணுக்கு எஃப். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "சார், இது தாயின் சான்றிதழா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எம் என்று இருக்கிறதே சார்."

என் மிளகின் தாய் ஓர் ஆண் நாய்.

தந்தையின் எண்ணில் வயது 14 மாதம் என்று இருந்தது. 24 மாதம் ஆகாமல் ஓஎஃப்ஏ இறுதிச் சான்றிதழே தராது. வீட்டுக்கு வந்ததும் என் பெண் அந்த அமைப்பின் இணையப் பக்கத்தில் தாயின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அமெரிக்காவில் இருக்கும் ஏதோ ஓர் ஆண் லாப்ரடாரின் எண் அது. தந்தையின் எண் எங்குமே இல்லை. மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குட்டிக்கும் பார்த்தாகிவிட்டது என்றாரே, அது இன்னொரு பொய். மூட்டு எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்று அளக்கும் பென்ஹிப் முறையில்கூட 16 வாரத்துக்கு முன் பரிசோதனை செய்ய முடியாது. ஆறு வாரக் குட்டியை என்ன பார்த்தார்?

விற்றவருக்கு ஃபோன் செய்தேன். முதல் நாள், "கால்சியம் குறைவாக இருக்கும் சார், டானிக் கொடுங்கள்" என்றார். பெரிய இனக் குட்டிக்கு நல்ல தீவனத்துக்கு மேல் கால்சியம் ஊற்றினால் எலும்பு வளர்ச்சியே கெடும் என்று டாக்டரம்மா அதற்கு முன்பே எச்சரித்திருந்தார். இரண்டாம் நாள், "மாடிப்படி ஏறவிட்டீர்களா? அப்போது நாங்கள் பொறுப்பில்லை." மூன்றாம் நாள் எண்ணைப் பற்றிக் கேட்டேன். "அச்சுப்பிழை" என்றார். பிறகு, "நல்ல தாய் தந்தைக்கும் சில சமயம் இப்படிப் பிறக்கும் சார், எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்கள்" என்றார். அது உண்மை. பல மரபணுக்கள் சேர்ந்து வருவதால் பரிசோதித்த பெற்றோருக்கும் பழுதுள்ள குட்டி பிறக்கலாம், வாய்ப்புதான் குறையும். ஓர் உண்மையைப் பொய்க்குப் போர்வையாகப் போர்த்துகிறாரே என்றுதான் உடம்பெல்லாம் எரிந்தது. கடைசியாக ஒன்று சொன்னார்: "அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேறு குட்டி எடுத்துப் போங்கள்." என்னவோ மிக்ஸி மாற்றுவது மாதிரி. விட்டால் மிளகை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா? அதன்பின் என் எண்ணை எடுப்பதில்லை.

இணையதளத்துக்கு நான்கு முறை எழுதினேன். முதல் பதிலில் வருத்தம் தெரிவித்தார்கள். இரண்டாவதில் 48 மணி நேரம் கேட்டார்கள். மூன்றாவதில், நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் பாலம் மட்டுமே என்றார்கள். அப்படியானால் அந்தப் பச்சை முத்திரை என்ன? எதைச் சரிபார்த்தார்கள்? ஆதார் அட்டையும் கைபேசி எண்ணும் மட்டுமாம்! நேற்று இரவு நான்காவது பதில் வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' 43,000 ரூபாய்க்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம், சொல்லுங்கள்.

பணம் இல்லாத குறைக்கு அந்த விற்பனையாளர் பரிசோதனை செய்யாமல் இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. மிளகுக்கு மயக்க ஊசியும் எக்ஸ்ரேயும் சேர்த்து எனக்கு ஆன செலவு 3,200 ரூபாய். தாய், தந்தை இரண்டுக்கும் 6,400. வெளிநாட்டுக்கு அனுப்பித் தரம் வாங்கும் கட்டணத்தைச் சேர்த்தாலும், என் ஒருவனிடம் வாங்கிய 18,000க்குள் முடிந்திருக்கும் என்பது என் கணக்கு. அந்த ஈற்றில் எட்டுக் குட்டிகள். எட்டுப் பேரிடமும் 18,000 வாங்கியிருந்தால் 1,44,000 ரூபாய். ஒரு குட்டியின் லாபத்தை உண்மையான பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் மற்ற ஏழின் லாபமும் நேர்மையாகவே அவர் பையில் இருந்திருக்கும். அதற்கும் மனம் வரவில்லை.

இப்போது மிளகுக்கு வலி மாத்திரை, எடைக் கட்டுப்பாடு, வீடு முழுக்க வழுக்காத சாக்கு விரிப்பு. தேவைப்பட்டால் தொடை எலும்பின் தலையை எடுக்கும் அறுவை சிகிச்சை. எடைதான் முக்கியம் என்கிறார் டாக்டரம்மா. 48 லாப்ரடார்களை வைத்து நடத்தி 2002இல் வெளியான ஓர் ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தனவாம், மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனதாம். இதைச் சொன்னால் என் அம்மா கேட்பதில்லை. மிளகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இட்லி போய்விடுகிறது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், விடிந்துவிட்டது. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சான்றிதழில் தரத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள், பணம் கொடுக்கும் முன் அங்கேயே நின்று இணையத்தில் போட்டுப் பாருங்கள். நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பின் எண்ணும் சான்றிதழில் இருப்பதும் ஒன்றா என்று கருவியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் தரும் பதிவுத் தாள் வம்சத்தைத்தான் சொல்லும், இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தாய் நாய் எழுந்து நடப்பதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ரசீதைக் கையில் வாங்குங்கள். குட்டி முயல் மாதிரி தாவினால் சிரிக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லையாம், திங்கட்கிழமை போகிறேன். தாயின் சான்றிதழில் எம் என்று இருக்கும் எண்ணோடு, ஓசூர்ப் பக்கத்தில் குட்டி வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். இன்னும் ஏழு குட்டிகள் எங்கோ இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றுக்காவது இன்னும் எக்ஸ்ரே எடுக்காமல் இருப்பார்கள்.

மிளகு முனகுகிறாள், மாத்திரை கொடுக்கும் நேரம். விட்டுப்போனதை அப்புறம் எழுதுகிறேன்.