தனி வீடு கட்ட மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்: ஒரு மதிப்புரை

தனி வீடு கட்டும் ஒப்பந்ததாரரிடம் வேலை அட்டவணை கேட்டால் பெரும்பாலும் ஓர் எக்செல் தாள்தான் கைக்கு வரும். கடைக்கால் தோண்டுவதில் தொடங்கி வண்ணம் பூசுவது வரை இருபது வரிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கும். ஒரு தேதி நகர்ந்தால் மற்றவை தாமாக நகராது என்பதே அந்தத் தாளின் குறை. கூரைக் கான்கிரீட் பத்து நாள் தள்ளிப்போனால், அதற்குப் பிந்தைய வரிகளையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். யாரும் திருத்துவதில்லை என்பதால், பேஸ்மட்டம் முடிவதற்குள் அட்டவணை ஒரு பக்கமும் வேலை இன்னொரு பக்கமும் போய்க்கொண்டிருக்கும். இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லும் மென்பொருள்களில் நம் ஊரில் அதிகம் அறியப்பட்டது மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட். 1984இல் டாஸ் கணினிகளுக்காக முதலில் வெளிவந்த இதன் இன்றைய விண்டோஸ் பதிப்பை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடுகளைத் திட்டமிடப் பயன்படுத்திவரும் பொறியாளன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இதன் கணக்கில் பிழை இல்லை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் இது ஓர் அலுவலகத்தின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கட்டுமான இடத்தின் வாழ்க்கையை நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

முதலில் நாட்காட்டி. இயல்புநிலையில் திங்கள் முதல் வெள்ளி வரை, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பது மணி நேரம், மாதத்துக்கு இருபது நாள் என்று வைத்திருக்கிறார்கள். நம் கட்டட வேலையோ சனிக்கிழமை மாலை வாரக் கூலி வாங்கிக்கொண்டு ஞாயிறு மட்டும் ஓய்வெடுக்கும் ஆறு நாள் வேலை. சனிக்கிழமையை வேலை நாளாக மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதித் திருத்தம்தான். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்ற விருப்பத்தைத் தனியாகப் போய் நாற்பத்தெட்டாக மாற்றாவிட்டால், செங்கல் கட்டுக்கு “இரண்டு வாரம்” என்று எழுதும்போது மென்பொருள் அதை எண்பது மணி நேரமாக, அதாவது பத்து வேலை நாளாக எடுத்துக்கொள்ளும். ஆறு நாள் வாரத்தில் பன்னிரண்டு நாளாக இருக்க வேண்டியது பத்தாகச் சுருங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் எழுதாமல் நாள் கணக்கில் மட்டும் எழுதுவதே பாதுகாப்பானது என்பது என் வழக்கம்.

அடுத்தது, வேலை செய்யும் நாளுக்கும் காத்திருக்கும் நாளுக்கும் உள்ள வேறுபாடு. வீட்டு வேலையின் தனித்தன்மையே இங்குதான் இருக்கிறது. கான்கிரீட் ஞாயிற்றுக்கிழமையும் இறுகுகிறது. அதற்குத் தீபாவளி விடுமுறை கிடையாது. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456:2000, சாதாரண போர்ட்லாண்டு சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியவை கலந்த சிமென்டுகளுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும் என்கிறது. பின்னதை 14 நாளாக நீட்டிக்குமாறும் பரிந்துரைக்கிறது. 6 மீட்டர் வரை நீளமுள்ள உத்திரங்களை இறுகும்வரை தாங்கி நிற்கும் முட்டுகளை 14 நாளுக்கு முன்பும், அதைவிட நீளமானவற்றின் முட்டுகளை 21 நாளுக்கு முன்பும் பிரிக்கக் கூடாது. இந்த 14 நாளைச் சாதாரண நாளாகவே எழுதினால், மென்பொருள் இடையில் வரும் ஞாயிறுகளைத் தாண்டிச் சென்று, முட்டுப் பிரிக்கும் தேதியைத் தேவையின்றித் தள்ளிவைக்கும். நாளைக் குறிக்கும் ‘டி’ (d) எழுத்துக்கு முன்னால் ‘இ’ (e) எழுத்தைச் சேர்த்தால் அது விடுமுறை பாராத தொடர் நாளாகிவிடும். இரண்டு வேலைகளுக்கு இடையே விடும் இடைவெளிக்கும் இதே முறை செல்லும். இந்த மென்பொருளில் வீடு கட்டுபவருக்கு மிகவும் பயன்படும் வசதி எது என்று கேட்டால், வேலைகளின் காலத்தைக் காட்டும் வண்ணப் பட்டைகளை விட்டுவிட்டு இந்த ஓர் எழுத்தைத்தான் காட்டுவேன்.

இதன் பலனைக் கூரை போடும் கட்டத்தில் தெளிவாகப் பார்க்கலாம். தூணும் உத்திரமுமாக எழுப்பும் வீட்டில், தரைத்தளக் கூரைக்குச் செண்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, மின்குழாய் பதித்து, பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே கான்கிரீட் போடப்படுகிறது. இவற்றை ஒன்று முடிந்து அடுத்தது என்று சங்கிலியாகக் கோப்பது தவறு. அடிக்கம்பி விரித்ததும் எலக்ட்ரீஷியன் ஏறிவிட வேண்டும். மேல்கம்பி முழுவதும் கட்டி முடித்த பின் அவரை வரச்சொன்னால் கம்பியை நெம்பிக் குழாயைச் செருகுவார். எனவே கம்பி வேலை தொடங்கி இரண்டு நாளில் குழாய் வேலை தொடங்கும் என்று, தொடக்கத்தோடு தொடக்கத்தை இணைக்க வேண்டும்; இதற்கு வசதி இருக்கிறது. கான்கிரீட் போட்ட ஓரிரு நாளில் மேல்தளத் தூண்களுக்கான வேலை தொடங்கிவிடும். கீழ்த்தளத்திலோ முட்டுகள் காடாக நிற்பதால் செங்கல் கட்டு காத்திருக்கும். இந்த நிலையில் முடிவு தேதியைத் தீர்மானிக்கும் வேலைகளைச் சிவப்பில் காட்டச் சொன்னால், சிவப்புக் கோடு மேல்தளத் தூண், மேல்தளக் கூரை, அதன் முட்டு, அதன்பின் பூச்சு என்று மாடியிலேயே போகும். கீழ்த்தளச் செங்கல் கட்டுக்குச் சில வாரங்கள் தாராளமாக இருப்பது தனி நெடுவரிசையில் தெரியும். “கீழே ஒரு வேலையும் நடக்கவில்லையே, மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போய்விட்டாரா?” என்று வீட்டுக்காரர் பதறும் காலம் சரியாக இதுதான். அந்த நெடுவரிசையைக் காட்டி விளக்கினால் பெரும்பாலானவர்கள் அமைதியாகிறார்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனை சதவீத வாய்ப்பில் எந்தத் தேதிக்கு முடியும் என்று நிகழ்தகவு முறையில் சொல்லும் ஏற்பாடு இதில் உள்ளடங்கி இல்லை; அதற்கு வேறு நிறுவனங்களின் துணைமென்பொருள் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் தனி நாட்காட்டி கொடுக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரத்தில் சில நாட்களை விடுமுறையாகக் குறித்த ஒரு மழைக்கால நாட்காட்டியை உருவாக்கி, கடைக்கால் மண் வேலை, வெளிப்பூச்சு, மொட்டைமாடித் தட்டோடு ஆகியவற்றுக்கு மட்டும் அதைப் பொருத்தினால், உள்வேலைகள் பாதிக்கப்படாமல் வெளிவேலைகள் மட்டும் நீளும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரை போட முடியுமா, முடியாதா என்ற கேள்விக்குச் சித்திரையிலேயே ஓரளவு நேர்மையான விடை கிடைத்துவிடும்.

கவனிக்காதவர்களை இந்த மென்பொருள் கவிழ்ப்பது தேதி எழுதும் இடத்தில். புதிய கோப்பில் சேர்க்கும் வேலைகள் இயல்பாகக் ‘கைமுறை’ நிலையில்தான் வருகின்றன. அதைத் ‘தானியங்கி’ நிலைக்கு மாற்றாதவரை இது விலை உயர்ந்த எக்செல் தாளே. மாற்றிய பிறகும், தொடக்கத் தேதிக்கான கட்டத்தில் கையால் ஒரு தேதியைத் தட்டினால், “இந்தத் தேதிக்கு முன் தொடங்கக் கூடாது” என்ற நிபந்தனை அந்த வேலையின் மேல் ஏறிக்கொள்கிறது. முன்வேலை ஒரு வாரம் முந்தி முடிந்தாலும் பின்வேலை அசையாமல் நிற்கும். ஒருவர் தயாரித்த கோப்பு நல்ல கோப்பா என்று பார்க்க, முதலில் இந்த நிபந்தனைகள் எத்தனை இருக்கின்றன என்றுதான் நான் எண்ணுவேன்.

புதுமனை புகுவிழாவுக்கான முகூர்த்தத்தை முதலில் குறித்துவிட்டு வேலையைப் பின்னோக்கி அடுக்குவது நம் வழக்கம். ஆடியும் மார்கழியும் கூடாது என்பதால், ஒரு முகூர்த்தம் தவறினால் அடுத்ததற்குச் சில நேரம் வெகுநாள் காத்திருக்க வேண்டியிருக்கும். முடிவுத் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் வசதியும் இந்த மென்பொருளில் இருக்கிறது; நம்மவர்களுக்கென்றே செய்ததுபோல் தோன்றும். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு தாமதமாகத் தொடங்க முடியுமோ அவ்வளவு தாமதமாக வைக்கப்படும். தாராளமே இல்லாத அட்டவணையில் ஒரு நாள் மழை பெய்தாலும் முகூர்த்தம் போய்விடும். தொடக்கத்திலிருந்து முன்னோக்கித் திட்டமிட்டு, முகூர்த்த நாளை ‘கெடு’ என்ற கட்டத்தில் எழுதினால் போதும். அது எந்த வேலையையும் கட்டிப்போடாது. கெடு தாண்டும் நிலை வந்தால் சிவப்புக் குறி மட்டும் காட்டும். நிலைவாசல் வைக்கும் நாளுக்கும் இதே முறையைப் பின்பற்றலாம்.

அட்டவணையில் கொத்தனார் வேலையை மட்டும் எழுதி, வீட்டுக்காரர் எடுக்க வேண்டிய முடிவுகளை எழுதாமல் விடுவது பரவலான குறை. அது மென்பொருளின் குறையன்று. குளியலறைச் சுவருக்குள் மறையும் குழாய்க் கருவிகள் எந்த நிறுவனத்துடையவை என்பது பூச்சுக்கு முன்பே முடிவாக வேண்டும். சுவிட்சுப் பெட்டிகளின் இடம் சுவரை வெட்டுவதற்கு முன்பும், தேக்கு நிலைக்கான ஆர்டர் செங்கல் கட்டு தொடங்குவதற்கு வெகு முன்பும் முடிவாக வேண்டும். இவற்றையும் கால அளவுள்ள வேலைகளாக எழுதி உரிய கட்டட வேலையோடு இணைத்தால், தாமதம் யாரால் வந்தது என்ற வாக்குவாதம் பாதியாகக் குறைகிறது. வங்கிக் கடன் கைக்கு வரும் தவணைகளைக் கால அளவு பூச்சியமான மைல்கற்களாக பேஸ்மட்டம், லிண்டல், கூரை மட்டங்களில் வைக்கலாம். அனுமதியைப் பொறுத்தவரை, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குத் தமிழக அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையை (விதிப்படி கட்டுவதாக விண்ணப்பிப்பவரே உறுதியளித்து அனுமதி பெறும் முறை) கொண்டுவந்த பிறகு, அட்டவணையில் அனுமதிக்கு ஒதுக்கும் நாட்கள் பலருக்கு மிகவும் சுருங்கிவிட்டன.

ஆட்களைப் பங்கிடும் பகுதி எனக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. கொத்தனார் நால்வர், சித்தாள் அறுவர் என்று தனித்தனியாக எழுதி மணிக்கணக்கில் பங்கிடும் முறை, காலையில் எத்தனை பேர் வருவார்கள் என்று மேஸ்திரிக்கே தெரியாத இடத்தில் வீண் வேலை. ‘கொத்தனார் குழு’, ‘டைல்ஸ் குழு’ என்று குழுவையே ஓர் அலகாக வைத்து, ஒரே குழு ஒரே நாளில் இரண்டு இடத்தில் மாட்டுகிறதா என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். நான்கைந்து வீடுகளை ஒரே நேரத்தில் கட்டும் ஒப்பந்ததாரர் எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான ஒரே ஆள்பட்டியலை இணைக்கலாம் என்பது உண்மையிலேயே மதிப்புள்ள வசதி.

வேலை தொடங்கும் முன் முதல் திட்டத்தைப் பதிந்து வைத்துவிட்டால், பின்னர் நடப்பதை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இப்படிப் பதினொரு பதிவுகள் வரை வைக்க இடம் உண்டு. ஆனால் முடியாமல் கிடக்கும் வேலையை இது தானாக இன்றைய தேதிக்கு நகர்த்துவதில்லை. சென்ற வாரம் முடிந்திருக்க வேண்டிய பூச்சு, யாரும் எதுவும் சொல்லாவிட்டால், சென்ற வாரத்திலேயே முடிந்ததுபோல் பட்டையில் நிற்கும். பின்வேலைகளின் தேதிகளும் அந்தப் பொய்யை நம்பியே நிற்கும். மீதி வேலையைக் குறிப்பிட்ட தேதிக்குப் பின் தள்ளும் கட்டளையை ஒவ்வொரு முறையும் நாமே கொடுக்க வேண்டும். கூலிக் கணக்குப் பார்க்கும் சனிக்கிழமை மாலையே இதற்குத் தோதான நேரம். என்ன முடிந்தது, என்ன பாக்கி என்பது அன்று எல்லார் வாயிலும் இருக்கும். மேஸ்திரிக்கு முழு வரைபடத்தைத் தருவதில் பயனில்லை. அடுத்த இரண்டு வாரத்தை மட்டும் வடிகட்டி, வேலைப் பெயர்களைத் தமிழிலேயே தட்டி, ஒரே தாளில் அச்சிட்டுத் தந்தால் அது செண்ட்ரிங் பலகையில் ஒட்டப்படுகிறது.

ஒரே ஒரு வீடு கட்டும் உரிமையாளர் இதற்காகப் பணம் செலவிடத் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் புராஜெக்ட்லிப்ரே இதே கோப்புகளைத் திறக்கும், மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் இயங்காத மேக் கணினியிலும் இயங்கும், மேலே சொன்ன இணைப்பு முறைகளும் அதில் உண்டு. தோற்றம் மட்டும் பழையது. வாங்குகிறவர்கள் கணினியில் நிறுவும் பதிப்பையே வாங்க வேண்டும். பெயர் ஒத்திருக்கும் புராஜெக்ட் ஆன்லைன் சேவையை 2026 செப்டம்பர் 30உடன் நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஒரே மாதிரியான இருபது வீடுகளை வரிசையாகக் கட்டும் குடியிருப்புத் திட்டத்துக்கு இந்த மென்பொருளைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கேள்வி, செண்ட்ரிங் குழு எந்த வேகத்தில் வீடு விட்டு வீடு நகர்கிறது, பின்னால் வரும் கொத்தனார் குழு அதை எங்கே முட்டுகிறது என்பதுதான். அதைக் காட்ட வீட்டு எண் ஓர் அச்சிலும் நாள் மற்றோர் அச்சிலுமாகச் சாய்கோடுகள் வரைய வேண்டும். அந்த வரைபடம் இதில் இல்லை. நானூறு பட்டைகளை அடுக்கிக் காட்டும் திரையைவிட ஒரு கிராஃப் தாள் அதை விரைவில் காட்டிவிடும்.